பார்க்காமல் தட்டிய இரண்டு தட்டு

என் பாசமான சவரிமுத்து அண்ணனுக்கு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

வண்டி ஓடும்போது பேச்சுக் கொடுத்தால் உங்களுக்குப் பிடிக்காதே. பதினோரு வருஷம் ஒரே பள்ளிப் பேருந்தில் நீங்கள் டிரைவர், நான் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. என் வாய்க்குப் பூட்டுப் போட்ட ஒரே ஆள் நீங்கள்தான். "ஸ்டாப்புல நின்னப்பறம் எம்புட்டு வேணும்னாலும் பேசு தாயி" என்பீர்கள். ஸ்டாப்பில் நான் பிள்ளைகளை இறக்குவேனா, உங்களோடு பேசுவேனா?

வருகிற ஐப்பசியோடு நீங்கள் கண் மூடி ஒரு வருஷம் ஆகிறது. நம்ம ஏழாம் நம்பர் வண்டியைப் போன வருஷத்திலிருந்து கார்த்தி என்று ஒரு தம்பி ஓட்டுகிறான். முன்னாலும் பின்னாலும் கேமரா வைத்துவிட்டார்கள், ஸ்டீயரிங் பக்கத்தில் சின்ன டிவி மாதிரி ஒன்று. ரிவர்ஸ் எடுத்தால் அதுவே கத்துகிறது. உங்களை மாதிரியே அவனும் காலையில் ஏறியதும் போனை என் பையில் போட்டுவிட வேண்டும். அதற்கு ஒரு வாரம் சண்டை போட்டேன். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வண்டியை ஓட்டுவானாம், நான் பார்த்துக்கொண்டு இருப்பேனாம்.

டிரிப் முடிந்ததும் கடைசி சீட் வரை நடந்து, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பீர்களே, அதை இப்போது நான் செய்கிறேன். அப்போதெல்லாம் "என்னண்ணே, பொதையல் தேடுறீகளா?" என்று உங்களைக் கேலி செய்தவள்தான். போன தை மாசம் ஒரு எல்கேஜி வாண்டு புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு சீட்டுக்கு அடியில் தூங்கிக் கிடந்தது. தூக்கிக்கொண்டு இறங்கும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன் அண்ணே.

சரி, சுற்றி வளைத்தது போதும். நான் சொல்ல வந்தது திருநகர் ஸ்டாப்பைப் பற்றி.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். நம்ம வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை இறக்கி, வீட்டு ஆள் கையில் ஒப்படைத்து, அது வண்டியை விட்டு விலகிப் போனதைப் பார்த்துவிட்டு, நான் படியில் ஏறித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் உங்கள் கால் பிரேக்கை விட்டு எழும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிற பிள்ளையைக் கண்ணாடி காட்டாது, ஆயா கண்ணுக்குத்தான் தெரியும் என்பீர்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், அந்த ஸ்டாப்பில் யுகேஜி ஹரிணியை அவள் அம்மா சுமதி கையில் பிடித்துக் கொடுத்தேன். உள்ளே இரண்டு பிள்ளைகள் பென்சில் டப்பாவுக்கு முடியைப் பிடித்துச் சண்டை. ஏறிக்கொண்டே அதுகளைத் திரும்பிப் பார்த்து அதட்டினேன். அதட்டிக்கொண்டே தட்டிவிட்டேன். கை அதுபாட்டுக்குத் தட்டிவிட்டது. கீழே ஹரிணியின் தண்ணீர் பாட்டில் உருண்டு பின்சக்கரத்துப் பக்கம் போக, அம்மா கையை உதறிவிட்டு அவள் எடுக்கக் குனிந்திருக்கிறாள்.

வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றது. சுமதி போட்ட கத்தல் அதற்கு அப்புறம்தான் எனக்குக் கேட்டது. எப்படி அண்ணே நிறுத்தினீர்கள் என்று பிறகு கேட்டேன். "கத்துறதுக்கு முன்னாடியே கண்ணாடில அந்தம்மா மூஞ்சி மாறுச்சு தாயி. நான் எப்பவும் வீட்டாளு மூஞ்சியப் பாத்துத்தான் வண்டிய எடுப்பேன்" என்றீர்கள்.

பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சுமதி மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து உங்களை வாய்க்கு வந்தபடி பேசினாள். பெற்றவள், பேசத்தான் செய்வாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு பிரின்சிபால் சிஸ்டரிடம் "வண்டிய எடுத்தது நான்தான் சிஸ்டர்" என்றீர்கள். அவர் கொடுத்த மெமோவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தீர்கள். நான் தட்டியதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

வெளியே வந்து நான் அழுதேன். "பெடல்ல இருந்த காலு யாரோடது? என்னோடது. நீ தட்டிட்டன்னு நான் பாக்காம எடுத்துருவனா?" என்று கேட்டீர்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீ சொன்னா இன்னைக்கே ஒன்னய வீட்டுக்கு அனுப்பிருவாக. ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்க போவ?" என்றீர்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த வருஷம்தான் நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். சர்வீஸ் முழுக்க ஒரு விபத்தும் ஒரு மெமோவும் இல்லாமல் ஓட்டிய டிரைவருக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவார்கள். உங்களுக்குப் போர்த்தவில்லை. நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டியதை நான் பார்த்தேன். அன்றைக்காவது எழுந்து சொல்லியிருக்கலாம். அடுத்த மூன்று வருஷத்தில் எத்தனை தடவை உங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தேன், ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பயம் அண்ணே. வேறு ஒரு காரணமும் இல்லை.

இந்த வருஷம் பள்ளி திறப்பதற்கு முன்னால் டிரைவர்களுக்கும் ஆயாக்களுக்கும் கூட்டம் போட்டார்கள். வேகம், அவசர வழிக் கதவு, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் பேசிவிட்டு, சிஸ்டர் ஒரு கதை சொன்னார். "திருநகர்ல ஒரு டிரைவரோட கவனக்குறைவால ஒரு குழந்தை மயிரிழைல தப்பிச்சது" என்றார். பேர் சொல்லவில்லை. ஆனால் பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். பின்னால் இருந்த ஒருத்தன், "அது சவரிமுத்துண்ணன்டா" என்று கார்த்தியிடம் கிசுகிசுத்தான்.

இனிமேல் நம்ம வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு புது டிரைவருக்கும் உங்களை இப்படித்தான் சொல்லித் தருவார்களா? எழுந்துவிட்டேன். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "சிஸ்டர், தட்டுனது நான். பாக்காமத் தட்டுனேன். அவரு பாத்துக்கிட்டு இருந்ததாலதான் அந்தப் பிள்ள இன்னைக்கு இருக்கு" என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். அதை உங்கள் மெமோவோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். என்னை இரண்டு வாரம் வண்டியிலிருந்து இறக்கி நர்சரி வகுப்பில் போட்டார்கள். வேலை போகும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே சுமதி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்துவாள் என்று பார்த்தால், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். "அந்த மனுசன அம்புட்டுப் பேச்சுப் பேசினேனே. ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலியே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஹரிணியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் கீழக்குயில்குடிக்கு, உங்கள் வீட்டுக்கு, மதினியைப் பார்க்கப் போனோம்.

மதினி முழுவதையும் கேட்டார். அழவில்லை. "அவரு இருக்கயில சொல்லியிருக்கலாம்ல பேச்சி" என்றார்.

பீரோவைத் திறந்து மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக் காட்டினார். "பொன்னாடைக்குன்னு தச்சு வச்சேன். இந்த வருசம் எனக்கு இல்ல, வேற ஆளுன்னு சொல்லிட்டாரு. நானும் விட்டுட்டேன்." ஹரிணி அந்தச் சட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்தச் சட்டையைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

கிளம்பும்போது மதினி வாசல் வரை வந்தார். "டிவிஎஸ்ல போகையில நான் ஏறி உக்காந்து அவரு முதுகுல ரெண்டு தட்டுத் தட்டுனாத்தான் வண்டிய எடுப்பாரு. வீட்டுலயும் அதே ரூல்ஸுதான்" என்றார். பிறகு என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். மன்னித்துவிட்டாரா, போய்த் தொலை என்று அனுப்பினாரா? உங்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் கடிதத்தைப் பள்ளி ஆண்டு மலரில் போடச் சொல்லிச் சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். பொன்னாடை போர்த்த எனக்கு அதிகாரம் இல்லை, எல்லா வீட்டுக்கும் போகிற புத்தகத்தில் உண்மையாவது இருக்கட்டும்.

திங்கட்கிழமை மறுபடியும் வண்டியில் ஏறுகிறேன். கேமரா இருக்குல்லக்கா, எதுக்குத் தட்டணும் என்று கார்த்தி கேட்பான். கேட்கட்டும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கீழே நின்று, குனிந்து பார்த்து, பிள்ளை வாசலுக்குள் போன பிறகு ஏறுவேன். உள்ளே ஒருத்தர் முடியை ஒருத்தர் பிய்த்துக்கொண்டாலும் திரும்ப மாட்டேன். இனி பார்க்காமல் தட்ட மாட்டேன் அண்ணே.

உங்கள் தங்கச்சி,
பேச்சியம்மாள்,
ஏழாம் நம்பர் வண்டி