மூலையில் இருந்த பச்சை நாடா

அன்புள்ள வாயாடித் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா என்று விசாரித்துக்கொண்டிருக்க இன்று நேரமில்லை. பொது நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து தட்டுகிறேன். ஒரு மணி நேரம்தான் தருவார்கள். என் போனிலிருந்து எதையும் அனுப்பப் பயமாக இருக்கிறது. பின்னால் யாராவது நாற்காலியை இழுத்தால்கூடத் திரும்பிப் பார்க்கிறேன்.

உன் அத்தானும் பிள்ளையும் சௌக்கியம். அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

உங்கள் பெண்கள் இணையதளத்தில் நீ வாரந்தோறும் போடும், வெளிநாட்டில் வேலை செய்யும் பெண்கள் எழுதிய பக்கங்களை விளையாட்டாகத்தான் படிக்கத் தொடங்கினேன். மொழிபெயர்ப்பு இயந்திரம் தரும் தமிழைப் பார்த்து எத்தனை நாள் தனியாகச் சிரித்திருக்கிறேன் தெரியுமா? ஒரு நாட்டில் பேருந்து ஓட்டும் பெண்கள், கழிப்பறை இல்லாமல் அடக்கிக்கொண்டிருந்த நேரத்தைத் தினமும் எழுதிப் போட்டார்கள். இன்னொரு நாட்டில் விடுதி அறை துடைக்கும் ஒருத்தி, சோதனை என்ற பெயரில் மேலாளர் உடம்பைத் தடவுவதை எழுதியிருந்தாள். அன்றோடு சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நடப்பதை இவளுக்கு யார் சொன்னது என்று கோபம்கூட வந்தது.

ஆமாம், எங்கள் கண்காணிப்பாளரும் அப்படித்தான். ஆஸ்பத்திரித் துண்டுகளைத் திருடுகிறோமாம். துணி அடுக்கும் அறையில் ஒரு திரையைக் கட்டி, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிடுவார். ஆறு வருஷமாக உன்னிடம் சொன்னதில்லை. வெட்கம்.

போன மாதம் உங்கள் தளத்துக்குப் பெயரில்லாமல் வந்ததே, அந்தத் திரையின் புகைப்படம், அதை அனுப்பியது நான்தான்.

மடித்த துணி அடுக்கை இங்கே ஒவ்வொருத்தியும் தன் நிற நாடாவால் கட்ட வேண்டும். கறையோடு திரும்பி வந்தால் யார் மடித்தது என்று தெரிய வேண்டுமே. என்னுடையது மஞ்சள். அது தெரியாதபடி படத்தை வெட்டி, மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். இன்னொரு மூலையில் பச்சை நாடா இருந்ததைப் பார்க்கவே இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே கண்ணாக இருந்திருக்கிறேன்.

பச்சை, என் எதிர்மேசைக்காரியுடையது. புருஷன் விபத்துக்குப் பிறகு படுக்கையில். அவள் சம்பளத்தில்தான் நான்கு பேர் சாப்பிடுகிறார்கள்.

நேற்று கண்காணிப்பாளர் அந்தப் படத்தை அச்செடுத்துக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டிவிட்டார். பச்சை நாடாவைச் சுற்றிச் சிவப்பு வட்டம். படத்தில் தெரிவது அவள் அடுக்கு மட்டும்தான், அதனால் எடுத்தவளும் அவள்தானாம். "என்ன, குளிர் விட்டுப் போச்சா?" என்று எல்லார் எதிரிலும் அவளைக் கேட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. வேலை போவது உறுதி, போலீசிலும் புகார் கொடுப்போம் என்கிறார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் அவள் என்னிடம்தான் வந்து அழுதாள். "எனக்குப் போன்ல படம் எடுக்கவே வராதேக்கா, யாருக்கு என்மேல இவ்வளவு கோவம்?" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

படத்தை எடுத்துவிடு என்று உன்னைக் கேட்கத்தான் இங்கே வந்தேன். எழுதுவதற்கு முன் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தேன். படத்துக்குக் கீழே நாற்பத்திரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், எந்தெந்த நாடோ. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் ஒருத்தி, எங்களுக்குத் திரைகூடக் கிடையாது என்கிறாள். படத்தை எடுத்தால் அவள் சொன்னதும் போய்விடும். எதிர்மேசைக்காரிக்கும் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதுதான் சுவரில் ஒட்டியாகிவிட்டதே.

அதனால் படம் இருக்கட்டும். வெட்டாத முழுப் படத்தையும் இத்துடன் அனுப்புகிறேன். அதையும் போடு. எடுத்தது யார் என்று என் முழுப் பெயரோடு, வேலை செய்யும் இடத்தோடு எழுது. திங்கட்கிழமைக்கு முன்னால் வந்துவிட வேண்டும்.

நீயே நேரில் போய்ச் சொல்லலாமே என்று கேட்பாய். நேற்றே மூன்று தடவை கண்காணிப்பாளர் அறை வாசல் வரை போனேன். மூன்று தடவையும் திரும்பி வந்து துணி மடித்தேன். என் லட்சணம் உனக்குத் தெரியாதா? பெயர் வெளியே வராவிட்டால் திங்கட்கிழமையும் வாயை மூடிக்கொண்டு நின்றுவிடுவேன்.

நேரம் முடியப் போகிறது. நீ நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. நாளைக் காலைக்குள் எனக்குத் தைரியம் போய்விடும். போடாதே என்று உன்னைக் கூப்பிட்டுக் கெஞ்சுவேன், அழுவேன், அக்கா என்ற உரிமையில் கண்டபடி திட்டுவேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நான் கூப்பிட்டால் போனை எடுக்காதே.

உன் அக்கா