கிழக்குத் தாங்கி

கூர் நகரம், மே 6

அன்புள்ள டூரி அண்ணனுக்கு,

பாரச் சோதனை நல்லபடியாக முடிந்தது. மணல் லாரிகளைப் பாலத்தின் மேல் நிறுத்தினார்கள். பாலத்தை வரைந்தவர் அதன் அடியில் நிற்க வேண்டும் என்பது வழக்கம், நின்றேன். ஊர்த்தலைவர் மேலிருந்து, "மெங்கியா, விழுந்துச்சுன்னா பில்லை யாருக்கு அனுப்பறது?" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். பாலத்தின் கிழக்குக் கரையை ஒட்டியே நம் வீட்டில் இருக்கும் நீ மட்டும் வரவில்லை.

பாலத்தின் வளைவு தன் இரு கால்களையும் வெளிப்பக்கம் தள்ளும். அவற்றைச் சேர்த்துக் கம்பி கட்டச் சொன்னார்கள். அழகு கெடும், கரைகளே தாங்கட்டும் என்றேன். அந்த அழகுக்குத்தான் இப்போது எனக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

உன் தங்கை
மெங்கியா

ஜூன் 20

அன்பு மெங்கியா,

மாட்டுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் வரவில்லை. இப்போது தேறிவிட்டது. நம் நிலவறையில் பாலத்துப் பக்கச் சுவர் உள்பக்கமாகத் தொப்பை போட்டிருக்கிறது. எனக்கும் போட்டிருக்கிறது, ஆகவே சுவரைக் குறை சொல்லவில்லை. பாலாடைக்கட்டி அலமாரி சாய்ந்துவிட்டது. "உங்க தங்கச்சி பாலம் வீட்டுக்குள்ள வரப் பாக்குது" என்கிறாள் உன் அண்ணி.

ஊராட்சி ஆள் வந்தான். "நான்தான் தரையைத் தோண்டி ஆழமாக்குனேன், என் தப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ கவலைப்படாதே.

டூரி

ஜூன் 24

அண்ணா,

உருளைக்கிழங்கு மூட்டை தூக்கவே ஆள் கூப்பிடுகிறவன் நீ. எதைத் தோண்டினாய்?

கணக்கில், வளைவின் கால் ஊன்றும் தாங்கியை ஒரு முக்கோணமாகப் போட்டு, கீழே சாய்வாகச் சில கோடுகள் கிழிப்போம். இது அசையாது என்று அர்த்தம். மேற்குக் கரையில் துளையிட்டுப் பாறையைப் பார்த்தோம். "கிழக்குல துளை போட வேணாமா?" என்று கேட்டார்கள். "நான் பொறந்து வளர்ந்த இடம். அது அசையாது" என்றேன். அதற்கு மேல் எங்கள் அலுவலகம் எந்தச் சான்றும் கேட்கவில்லை.

அந்தக் கோடுகளுக்கு அடியில் நீயும் அண்ணியும் தூங்குகிறீர்கள். வளைவு தள்ளுவது உங்கள் பக்கம்; நான் நின்று காட்டியதோ ஊரிலேயே பத்திரமான இடத்தில்.

மெங்கியா

ஜூலை 1

மெங்கியா,

ஊராட்சிக்கு உண்மையை எழுதினால் உனக்கு இனி யாரும் பாலம் தரமாட்டார்கள். எனக்குப் போவது ஒரு சுவர்தான். முட்டுக் கொடுத்திருக்கிறேன். பேசாமல் இரு.

டூரி

ஜூலை 9

அண்ணா,

எழுதிவிட்டேன். பாலத்தை மூடிவிட்டார்கள். கம்பி கட்டப் போகிறார்கள், உன் சுவரையும் அவர்களே எடுத்துக் கட்டுவார்கள். பரிசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அலுவலகச் சுவரிலிருந்த படத்தை மட்டும் கழற்றிவிட்டார்கள். என் கையெழுத்து இனி எந்தப் பால வரைபடத்திலும் செல்லாது.

செப்டம்பரில் மறு சோதனை. பாலத்தடியில் நிற்க வேறொருவர் வருகிறார். லாரிகள் ஏறும்போது நான் உன் நிலவறையில், அந்தச் சுவரோரம் நிற்க வேண்டும். அண்ணி விடுவாரா?

மெங்கியா

ஜூலை 14

மெங்கியா,

அலமாரியை நகர்த்தியாயிற்று. சுவரோரம் இரண்டு பேர் நிற்கலாம், நீயும் நானும். உன் அண்ணி தானும் வருவேன் என்கிறாள். கொஞ்சம் நெருக்கித்தான் நிற்க வேண்டும்.

டூரி