சும்மா எடுத்த படம்

சனி, மே 23

இது யார் கையில் அகப்பட்டாலும், தயவுசெய்து இந்த வரியோடு மூடி வைத்துவிடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டாம். அப்பாவிடமும். கெஞ்சிக் கேட்கிறேன்.

கண் கூசும் வெயில், ஆனால் இங்கே மே மாதத்துக் கடும் குளிர். காலையில் த பேசின் ஊர்ப் பிள்ளையார் கோயில். பிறகு பக்கத்துப் பூங்கா, அக்காவைப் படம் எடுக்க. மரங்களில் கொஞ்சம்தான் சிவப்பு இலை மிச்சம். சிட்னி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம், ஆனால் அதற்கென்றே எடுத்தது என்று தெரியக்கூடாதாம். கோயிலுக்குப் போன இடத்தில் சும்மா எடுத்த மாதிரி இருக்க வேண்டுமாம். பள்ளியில் புகைப்படம் ஒரு பாடமாகப் படிக்கிறேன், அதனால் கமரா என் கையில்.

"குளிர் ஜக்கெட்டைக் கழட்டு துஷா. சீலை தெரியவேணும்."

"குளிருதம்மா. நான் செத்தாப் பிறகு எடுங்கோ."

"வாயைப் பார். சிரி. பல்லுத் தெரியாமல்."

அப்பா ஜக்கெட்டைப் பிடித்தபடி படத்துக்கு வெளியே. "கெதியா எடு பிள்ளை, மூக்குச் சிவந்துபோச்சு."

அம்மா பூ எடுக்கக் காருக்குப் போனபோது அக்கா என் காதில்: "குட்டி, ஒண்டும் வடிவா வரக்கூடாது. விளங்குதா?"

விளங்கியது. ரியாஸ். அக்காவோடு ஆஸ்பத்திரியில் வேலை. நல்லவர். முஸ்லிம். அந்தப் பெயரை வீட்டில் சொல்லவே முடியாது. சிட்னிச் சம்பந்தம் சரிவந்தால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று அக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். பகிடி இல்லை.

எல்லாவற்றையும் கெடுத்தேன். வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தினேன், முகம் கறுப்பு. கண் மூடும்போது அழுத்தினேன். தலையில் கிளை முளைத்த மாதிரி ஒன்று.

கடைசியில் அக்கா ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு தள்ளிப் போனாள். போனில் ரியாஸ். அவர் என்ன சொன்னாரோ, அண்ணாந்து சிரித்தாள். எல்லாப் பல்லும் தெரிய. கன்னத்தில் வெயில். விரல் தானாக அழுத்திவிட்டது. எனக்கென்று வைத்துக்கொள்ளத்தான். இப்படி ஒரு படம் நான் எடுத்ததே இல்லை.

ஞாயிறு

மழை. கணக்குச் சோதனைக்கு ஒன்றும் படிக்கவில்லை. இருப்புக் கொள்ளவில்லை.

படங்களை லப்டொப்பில் போட்டேன். அம்மா பார்த்துவிட்டு: "இதுக்கே பள்ளிக்கூடத்தில மார்க்ஸ் போடீனம்?" அக்கா மேசைக்குக் கீழே என் காலை மெதுவாக மிதித்தாள். நன்றி என்று அர்த்தம்.

சிரித்த படத்தை முன்பே வேறு இடத்தில் ஒளித்துவிட்டேன்.

செவ்வாய்

வீட்டில் எல்லாருக்கும் படங்கள் ஒரே இணையக் கணக்கில் சேரும். லப்டொப்பில் போட்டால் அம்மாவின் போனுக்கும் போகும். அதை எப்படி மறந்தேன்? எப்படி?

பின்னேரம் சம்பந்தம் பேசும் வசந்தி அன்ரியின் அழைப்பு. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜக்கெட்டோட சிரிக்கிற படம் ஒண்டு அனுப்பினீங்களெல்லோ? பெடியன்ர தாய்க்கு அதுதான் பிடிச்சதாம். இதெல்லோ சும்மா எடுத்த படம் எண்டு சொன்னவ. ஞாயிற்றுக்கிழமை வருகினம்."

"என்ர சின்னவள்தான் எடுத்தவள்," என்றார் அம்மா. என்னைப் பற்றி அம்மா இப்படிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். "எந்தப் படம்?" அம்மா காட்டினார். அக்கா நெடுநேரம் பார்த்தாள். அந்தச் சிரிப்பு யாருக்கு என்று அந்தக் குசினியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஏசுவாள் என்று நினைத்தேன். "வடிவா எடுத்திருக்கிறாய் குட்டி," என்றாள். கையைத் துடைத்துவிட்டு அறைக்குப் போனாள். ஏசியிருந்தால் இவ்வளவு பயம் வந்திராது.

இப்போது எல்லாரும் படுத்தாயிற்று. பக்கத்து அறையில் அலுமாரிச் சத்தம். பிறகு பெட்டியின் சிப் இழுக்கும் சத்தம், நீளமாக. அம்மாவை எழுப்பட்டுமா? எழுப்பினால் அக்கா இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள். எழுப்பாவிட்டால் விடிய அந்தக் கட்டில் வெறுமையாக இருக்கும். எழுத்துக் கோணலாக வருகிறது.

நடையில் பெட்டிச் சில்லு உருளுகிறது. என் அறை வாசலில் நின்றுவிட்டது.

கதவைத் தட்டுகிற சத்தம். அம்மா என்றால் தட்டமாட்டார், நேரே திற