லலிதா ஆடிய ஊர்கள்

8-2-86, சனி

வெயில் இப்போதே சுள்ளென்று. ஸ்கூட்டருக்குக் காற்று அடிக்க வேண்டும். திங்கள் லீவ், எழுதிக் கொடுத்தாயிற்று.

லலிதா போய் இன்றோடு நாற்பது நாள். மஞ்சள் காமாலை, மூன்றே வாரம்.

காலையில் ஸ்டெல்லா வந்தார். கல்யாணத்துக்கு முன் லலிதா நடத்திய கோலாட்டக் குழுவில் முதலில் சேர்ந்தவர். கையில் ஒரு தாள். இரண்டு ஊர், இடம், அடையாளம்.

"அண்ணே, பொம்பளைங்க மட்டும் சேந்து மேடையேறி ஆடுறதுன்னு இந்தப் பக்கம் மொதல்ல ஆரம்பிச்சதே அவதான். நீங்க ஒரு தடவகூட பாத்ததில்ல. அவ ஆடுன எடத்தையாவது போய்ப் பாத்துட்டு வாங்க."

சரி என்றேன். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தெம்பில்லை.

கல்யாணமான மறுமாதம் நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஆபீசில் ஒருவன் கேலி பேசினான், அதற்காக. "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். அது நடந்து பதினாலு வருஷம்.

மதியம் ரசம் சோறு. உப்பு போட மறந்திருக்கிறேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

9-2, ஞாயிறு

திருவெண்ணெய்நல்லூர். போகும் வழியெல்லாம் கரும்பு லோடு, முந்த முடியவில்லை.

தாளில் எழுதியிருந்த திடலில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டிருந்தார்கள். இங்குதான் குழுவின் முதல் ஆட்டமாம். நின்று பார்த்தேன். மண். ஒன்றும் தோன்றவில்லை.

எதிரே டீக்கடை. கடைக்காரருக்கு ஐம்பது இருக்கும். இங்கே பெண்கள் கோலாட்டம் ஆடியது ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். நான் யார் என்று சொல்லவில்லை.

"இல்லாம இன்னா சார்? நாங்க நாலு பேர் கல்லு வுட்டோம். ஊர்ப் பொம்பளைங்க கெட்டுப் போவாங்கன்னு எவனோ ஏத்திவுட்டான். நான் போட்டது அந்தத் தலைவிப் பொண்ணு தோள்ல பட்டுச்சு. ரத்தம். அந்தக் கையி தொங்கிப்போச்சு. மிச்ச ஒரு கையால கோலு அடிச்சிக்கினே ஆடுச்சு சார், நிக்கவே இல்ல. நாங்கதான் எழுந்து போயிட்டோம்."

வலது தோளில் அந்தத் தழும்பு. கிணற்றடியில் வழுக்கி விழுந்தது என்றுதான் என்னிடம் சொன்னாள்.

"இப்ப எங்க சார் கீறாங்க அவங்க?"

"இறந்துட்டாங்க."

அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவியதையே மறுபடி கழுவினார். பிறகு, "பாத்தா மன்னிப்பு கேக்கணும்னு இருந்தேன்" என்றார்.

அந்த ஆளை அடிக்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. டீ குடித்தேன். சர்க்கரை அதிகம். அவர்கள் கல்லெறிந்தும் நிற்காதவள் நான் சொன்னதும் நின்றுவிட்டாள். வண்டி ஓட்டும்போது இதுவே நினைப்பு.

10-2, திங்கள்

திண்டிவனம். முண்டியம்பாக்கம் வரை நல்ல ரோடு. பிறகு வேலை நடக்கிறது, ஒரே தூசி.

தாளில் கடைசி வரி: "சர்ச் பின்னாடி, மேரி டைலர்." ஒரு மிஷின், சுவரெல்லாம் ஜாக்கெட் துணி. மேரிக்கு முப்பது வயது. லலிதா பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"லலிதாக்கா வூட்டுக்காரரா? உக்காருங்க சார்."

சுவரில் ஒரு போட்டோ. கோலோடு எட்டுப் பெண்கள். நடுவில் லலிதா, மூக்குக் கண்ணாடியோடு. அந்தக் கண்ணாடி போன வருஷம் நான் வாங்கித் தந்தது.

திரும்பவும் பார்த்தேன். அதே கண்ணாடி.

"இது எப்ப எடுத்தது?"

மேரி கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மிஷின்மேல் வைத்தார்.

"போன தீவாளிக்கு மிந்தி சார். மாசம் ஒரு சனிக்கெழம வருவாங்க. எங்களுக்குக் கத்துக் குடுத்துட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஜல்தியா ஓடுவாங்க. ஏழு வருசமா."

எம்பிராய்டரி கிளாஸ் என்றுதான் என்னிடம் சொல்வாள். விழுப்புரத்தில் நானே பஸ் ஏற்றிவிட்டிருக்கிறேன். சீட்டும் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியும். கோவமா சார்?"

"இல்லை."

எப்படி ஆடுவாள் என்று கேட்டேன். மேரி இரண்டு ஜோடிக் கோல் எடுத்துவந்தார்.

"எதுர்ல ஆள் இல்லாம ஆட முடியாது. நீங்க சும்மா புடிச்சிக்கினு நில்லுங்க. நான் அவங்க மாதிரி செஞ்சி காட்றேன்."

மிஷினை ஓரம் தள்ளினார். நான் நின்றேன். மெதுவாகத் தொடங்கினார். குனிந்து ஒரு தட்டு, சுற்றி வந்து ஒரு தட்டு. வேகம் கூடியது. வலது தோளை ஏற்றாமல் இடுப்பை வளைத்து, கீழிருந்து கோலைக் கொண்டுவந்தார்.

"வலது கைய மேல தூக்க மாட்டாங்க. அதனால நாங்க எல்லாருமே இப்டித்தான் கத்துக்கினோம்."

அடுத்த தட்டு என் விரல்மேல் விழுந்தது. ஐயோ என்று மேரி கோலைக் கீழே போட்டார். தண்ணீர் கொண்டுவந்தார். பரவாயில்லை, இன்னொரு தரம் செய்யுங்கள் என்றேன். செய்தார்.

வீடு வந்து எழுதுகிறேன். ஆட்காட்டி விரல் வீங்கியிருக்கிறது, எழுத்து கோணல். கோபம் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது பொய். கோபம்தான். லலிதா மேல் இல்லை.