பருந்து வரவில்லை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு, குறையில்லாமல் இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரு வரியில் சொல்ல முடியாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது, நான் பேசினால் பக்கத்திலேயே நிற்கிறார், நானும் மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். லாட்ஜ்காரரின் மருமகன் நாளைக்கு உன் ஊருக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்த வீட்டு ஆட்களுக்கு மூக்கு கொஞ்சம் நீளம் என்பதால் நன்றாக ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை கண்ணா. விருந்தாளிகளுக்கு விடும் பின்பக்கத்து அறைகள் இரண்டும் காலியாகத்தான் கிடக்கின்றன, ஆனாலும் துவைத்த போர்வையையே திரும்பத் துவைக்கிறேன், துடைத்த ஜன்னலையே துடைக்கிறேன். நீ சொன்னபடி பிளாஸ்டிக் பாட்டிலை நிறுத்திவிட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில்தான் வைக்கிறேன், போன மாதம் வந்த ஒரு அம்மாள் அந்த ஜாடியில் பூ வைத்துவிட்டுக் கடையில் போய் பாட்டில் வாங்கி வந்தாள், உன் படிப்பு அவளிடம் பலிக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏரியைப் பார்க்க சுற்றுலா அலுவலகத்து மேடம் வந்து போனதையும், படகுச் சங்கத் தலைவர் பருந்து என்று சொன்னதையும் நீ கேள்விப்பட்டுவிட்டாய். ஆனால் உனக்குச் சொன்னது தலைவர். என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

ஏரியை நம் சங்கத்திடம் விடுவதா, வேகப்படகுக் கம்பெனியிடம் விடுவதா என்று முடிவு செய்யத்தானே அந்த மேடம் வந்தார். நீ எழுதிக்கொடுத்த திட்டத்தைத் தலைவர் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார், இஞ்சின் கிடையாது, நாணல் பக்கம் நெருங்கக் கூடாது, முக்கியமாகத் துடுப்பால் படகு விளிம்பைத் தட்டிப் பறவையைக் கிளப்பக் கூடாது என்று. டீக்கடைக்காரர், நிலைத்த சுற்றுலா என்கிறீர்களே, சுற்றுகிறவன் எப்படி ஐயா நிலைப்பான் என்று சிரித்தார். தட்டுவதை விட்டால் வருகிறவன் எதைப் படம் எடுப்பான், கையில் நாலு காசு எப்படி வைப்பான் என்று படகுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தட்டினால் கூடு காலியாகும், காலியான கூட்டில் காக்கை இறங்கும், பிறகு படம் எடுக்கப் பறவையே இருக்காது என்று கரடியாய்க் கத்தி அவர்களை ஒத்துக்கொள்ள வைத்தது யார் தெரியுமா, உன் அப்பா.

அந்த அப்பாதான் தட்டினார். மேடத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு போனதும் அவர்தான், முன்னால் தலைவர், நடுவில் மேடமும் ஒரு போட்டோக்காரரும். தூரத்திலேயே படகை நிறுத்தியிருக்கிறார், நாணல் முழுக்கப் பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றுகூட அசையவில்லை. போட்டோக்காரர் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் கேமராவைக் கீழே இறக்கி உதட்டைப் பிதுக்கினாராம். அந்த முகத்தைப் பார்த்ததும் அப்பாவின் கை முந்திவிட்டது. வந்தவர் முகம் வாடினால் தட்டுவது என்று இத்தனை வருடம் பழகிய கை, தட்டிய பிறகுதான் தட்டினோம் என்றே அவருக்குத் தெரிந்ததாம். மொத்தக் கூட்டமும் குபீரென்று எழும்பிவிட்டது. மேடம் அந்த நேரம் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். பருந்து மேடம், பருந்து வந்தது என்று தலைவர் முந்திக்கொண்டார். அப்பா வாயே திறக்கவில்லை. அந்த மேடமும் லேசுப்பட்டவர் இல்லை, வானத்தைப் பார்த்தார், அப்பாவின் துடுப்பைப் பார்த்தார், சரி, அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படகோட்டியையே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நம் வீட்டில் ஆள் வரத்துக்குக் குறைவில்லை. தலைவர் காலையில் வருகிறார், ஒரே ஒரு சொல்தானே அக்கா, பருந்து என்று சொன்னால் ஊரே பிழைக்கும், நீங்கள்தான் அண்ணனுக்கு எடுத்துச் சொல்லணும் என்கிறார். படகுக்காரர்களின் வீட்டுப் பெண்கள் குழாயடியில் என்னைச் சுற்றிக்கொள்கிறார்கள். லாட்ஜ்காரர் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார், அவருக்கு வேகப்படகு வந்தால் நல்லது, உண்மையைச் சொல்ல உன் வீட்டுக்காரரைப் போல ஒருவர் வேண்டும் என்று என்னிடமே புகழ்கிறார், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நானும் சும்மா இருக்கவில்லை. பருந்து என்று சொல்லிவிட்டுப் போங்களேன், வானத்தில் என்றைக்குத்தான் பருந்து இல்லை என்று சோறு போடும்போது சொன்னேன். அவர் பாதிச் சோற்றிலேயே கை கழுவி எழுந்தார்.

நேற்று வலைக்காரர் வீட்டுப் பெண் வந்தாள். நாணல் பக்கம் மீன் வலை போடக் கூடாது என்று அவர்களைத் தடுத்தார்களே, அந்த வீட்டுக்காரிதான், அவள் புருஷன் இப்போது கல் உடைக்கப் போகிறான். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டேன். அவள் வாசலில் நின்றபடியே பேசினாள். எங்க வலைக்குப் பயந்துதான் பறவை குறையுதுன்னு உங்க சங்கம் மனு கொடுத்துச்சு, நாங்க வலையைச் சுருட்டிக்கிட்டோம், அப்புறமும் பறவை குறையுது, இப்ப பருந்துன்னு சொன்னா படகுக்காரங்க தட்டினது மறைஞ்சிரும், பழி எங்க வலை மேலயே நின்னுரும், எங்க வீட்டு ஆளுங்க இனிமே அந்தத் தண்ணில கால் வைக்க முடியாது, அண்ணன்கிட்ட இதைச் சொல்லு அக்கா என்றாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்றேன், வேண்டாம் என்று போய்விட்டாள். எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. இத்தனை நாளும் பருந்து என்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அவர் துடுப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார், எனக்குத் தெரியும், அதனாலதான் பருந்துன்னு சொல்ல வாய் வரல, ஆனா பையன் போன்ல பருந்துன்னே சொல்லிருங்க அப்பான்னு சொல்லிட்டான், ஏரி நம்மகிட்ட வந்தா இங்கயே வேலை பார்க்க அவன் ஊருக்கு வந்துருவான், அதனால சொல்லிடறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ போனில் அப்படிச் சொன்னதே எனக்கு அப்போதுதான் தெரியும். இந்த ஒரு வாரமாக அவர் பாதிச் சோற்றில் கை கழுவுவதும், ஏரிக்கரைக்குப் போய்ப் படகில் ஏறாமல் திரும்பி வருவதும் எதனால் என்று இப்போது புரிகிறது. ஊரே சொன்னபோது அசையாத மனுஷன், நீ ஒரு வார்த்தை சொன்னதும் சாய்ந்துவிட்டார்.

உன்மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், கோபம் இருக்கிறது. ஏரி பிழைத்தால்தான் ஊர் பிழைக்கும், ஊரில் இருக்கும் எல்லோருக்கும் அதில் பங்கு வேண்டும் என்று நீதானே எழுதினாய். அந்த எல்லோரில் வலைக்காரர்கள் இல்லையா. அவசரத்தில் சொல்லியிருப்பாய், வீட்டு ஏக்கத்தில் சொல்லியிருப்பாய், அது எனக்குத் தெரியாதா. தலைவரிடம் இன்று காலை நானே சொல்லிவிட்டேன், இனிமேல் என் வீட்டுக்காரர் வாயை அடைக்க என்னிடம் வராதீர்கள் என்று. அவர் முகம் கடுகடுத்துக்கொண்டு போனார், இனி சங்கத்தில் நம் முறைக்குப் படகு வருமோ வராதோ. அந்த மேடம் உண்மையைக் கேட்டுவிட்டு நம் திட்டத்தையே கிழித்துப் போடலாம், இவ்வளவு ஒழுங்காக ஒப்புக்கொள்கிறவர்களிடமே விடலாம் என்றும் நினைக்கலாம், யார் கண்டது. எது நடக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னால் அப்பா கேட்க மாட்டார், உனக்காகச் செய்கிறேன் என்பார். உனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டு, அதே ஏரியில் அந்த வலைக்காரன் கரையில் நின்று பார்க்க, அவர் எப்படித் துடுப்புப் போடுவார் என்று நினைத்துப் பார்.

கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் போடு. அம்மா எழுதினாள் என்று சொல்லாதே, நீயே நினைத்துச் சொல்வதுபோல, அப்பா, நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள் என்று மட்டும் சொல். சளிக்கு மருந்து வாங்கி வைத்துக்கொள், இரவு ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. நீ எங்கே இருந்தாலும் நாலு பேர் மெச்சும்படி, நிம்மதியாகத் தூங்கும்படி இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். போன் போட மறந்துவிடாதே. ஏரி கைவிட்டுப் போனால் நீ வருவதும் இல்லை என்று ஆகிவிடும், உன்னைப் பார்க்க எத்தனை வருடம் ஆகுமோ, எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் அம்மா