வாசலில் கட்டிய வேப்பிலை

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

அந்தக் கொப்புளங்கள் திரும்பவும் வந்துவிட்டன. கர்ப்பத்தடைக்கு விழுங்கும் குளிசையால்தான் வருகின்றனவென்று நினைத்து அதை நிறுத்தினேன். அப்போதும் வந்தன. கிளினிக் நேர்ஸ் பார்த்துவிட்டு, "குளிசையிலை பிழையில்லைப் பிள்ளை. இது புருசனிட்டையிருந்து தொத்தினது. இனி வந்து வந்துதான் போகும்" என்றார்.

கொழும்பில் உங்களுக்கும் இப்படி வருகிறதா என்று நான் கேட்கவில்லை. களைத்துப்போனேன்.

தொடையில் கொப்புளம் என்று மட்டும் மாமியிடம் சொன்னேன். அம்மாள் வருத்தம், அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். "அம்மாள் இறங்கித் தண்ணி வார்க்குமட்டும் தம்பி வந்தாலும் உன்னைத் தொடப்படாது" என்று உங்களைத்தான் சொன்னார். நானும் ஓம் என்றேன்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். வாருங்கள். வேப்பிலை வாடினால் நானே புதிதாகக் கட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா