நாலு விரற்கடை

கிளிநொச்சி
12.07.2004

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நீங்களும் நலமென நம்புகிறேன். நம் மேசையின் கால்களை நாலு விரற்கடை அறுப்பதென்று வெள்ளிக்கிழமை ஏகமனதாக முடிவாயிற்று. சமாதானப் பேச்சைவிட விரைவாகவே முடிந்தது.

முன் ஹோலை வாடகைக்கு விடுகிறேன் என்று எழுதியிருந்தேனே. கந்தோர், அலுவலக அறை என்று ஒன்றும் இல்லாதவர்கள் வந்து, வேண்டிய நேரம் இருந்து வேலை செய்கிறார்கள். காலையில் மொழிபெயர்க்கும் அருந்ததி, பின்னேரம் காணிப் படம் கீறும் ஆண்டியப்பன். மேசை உயரம் என்பதால் எல்லாருக்கும் தோள்மூட்டு நோ. குண்டு விழும்போது பங்கருக்கு ஓட நேரமில்லாவிட்டால் கீழே புகுந்து இருக்கத்தானே அப்படிச் செய்வித்தீர்கள்.

"திரும்பக் குண்டு போட்டா எங்கை பூருறது?" என்று கேட்டார் ஆண்டியப்பன்.

"அதுக்காக அதுவரைக்கும் தோள் நோவோடை இருக்கேலுமோ அண்ணை?" என்றா அருந்ததி. பிறகு ஆண்டியப்பனே மரம் அறுக்கும் வாளை எடுத்தார்.

கால் வைக்கப் பலகை அடித்தேன். வெளிச்சம் இடப்பக்கம் விழ மேசையைத் திருப்பினேன். கதிரைகளின் முதுகையும் சாய்த்தாயிற்று. பளையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். என் நடையே மாறிவிட்டதென்று அருந்ததி பகிடி பண்ணுகிறா.

அன்புடன்,
கமலாசனி

சூரிச்
03.08.2004

அன்புள்ள கமலா,

அறுக்க முதல் என்னையும் ஒரு சொல் கேட்டிருக்கலாம். போகட்டும்.

உன் விசா அலுவல் சரிவந்துவிட்டது. செப்டெம்பர் 20, கொழும்பில் தூதரகத்தில் நேர்முகம். தவறவிட்டால் மறுபடி தரமாட்டார்கள். சண்டை திரும்ப வரும் என்றுதான் இங்கே எல்லாரும் சொல்லுகிறார்கள். ஹோலைப் பூட்டிவிட்டு வா.

உன்,
நடராசா

கிளிநொச்சி
27.09.2004

அன்புள்ள அத்தானுக்கு,

நேர்முகத்துக்கு நான் போகவில்லை.

பை கட்டி வைத்திருந்தேன். விடிய தர்மபுரத்திலிருந்து தையல்காரப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நின்று துணி வெட்ட உயரமான மேசை வேண்டுமாம். சிரிக்காதீர்கள். அவர்களின் முழங்கை உயரத்தை அளந்துகொண்டு நிற்க பஸ் போய்விட்டது.

இது வெறும் சாட்டு, சாக்குப்போக்கு என்பீர்கள். ஓம், சாட்டுத்தான். இந்த ஊரில் ஆட்கள் நோவில்லாமல் இருந்து வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. அதை அமைத்தவள் நான். பூட்ட மனம் வரவில்லை. நீங்கள் வந்து ஒருமுறை இருந்து பாருங்கோ. ஹோலின் படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கமலாசனி

சூரிச்
25.10.2004

அன்புள்ள கமலா,

படத்தை வேலையிடத்தில் காட்டினேன். மேலாளர் கதிரையின் சாய்வை நெடுநேரம் பார்த்து, யார் செய்தது என்றார். என் மனைவி என்றேன்.

நம் இருவருக்கென்று எடுத்த வீட்டை முதலாம் திகதி திருப்பிக் கொடுக்கிறேன். தனி அறைதான் இனி. புது முகவரி பின்பக்கத்தில்.

நடராசா